கால் தரையில்

அந்த ஆள் விழ வேண்டும் என்று தில்லையம்மாள் வேண்டிக்கொண்டது உண்மை. சாமி படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பி வேண்டவில்லை. உலையில் அரிசியைப் போடும்போதும் துணியை அலசும்போதும் மனசு தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஊன்றிவிடுவான், இன்றைக்கு எப்படியும் காலை ஊன்றிவிடுவான்.

அந்த ஆளின் பெயர் தெய்வசிகாமணி. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரன். முத்தியால்பேட்டைத் திடலில் வட்டமாக மூங்கில் நட்டு, கயிறு கட்டி, கலர்த்தாள் ஒட்டியிருந்தார்கள். அதற்குள் இரவும் பகலும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாரத்துக்கு இறங்குவதில்லை என்று ஏற்பாடு. சைக்கிளிலேயே சாப்பிடுவான், சைக்கிளிலேயே குளிப்பான், கண்ணாடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சவரம் செய்துகொள்வான். மற்றதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறான் என்று குழாயடியில் பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டார்கள். கூட யார் வேண்டுமானாலும் ஓடலாம், தள்ளாடினால் தாங்கிப் பிடிக்கலாம். அவன் கால் மட்டும் தரையில் படக்கூடாது.

இதே திடலில், பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம், தில்லையம்மாளின் புருஷன் உத்திராபதியும் இப்படிச் சுற்றியிருக்கிறான். வெள்ளைக்காரன் போன சந்தோஷத்தில் தெருவுக்குத் தெரு ஏதாவது செய்துகொண்டிருந்த சமயம் அது. மில்லில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு அந்த ஆசை எங்கிருந்து வந்ததோ தெரியாது. மூன்றாம் நாள் விடியும் நேரத்தில் காலை ஊன்றிவிட்டான். விழவில்லை, மயங்கவுமில்லை. சைக்கிள் நின்றிருந்தது, இடது கால் தரையில் இருந்தது. அவ்வளவுதான்.

அன்றைக்குக் காவல் உட்கார்ந்திருந்தவர் சொல்தா கலியபெருமாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய், பென்ஷனோடு திரும்பியவர்; அப்படிப்பட்ட சிப்பாய்களுக்கு ஊரில் சொல்தா என்று பேர். திடலில் என்ன பந்தயம் நடந்தாலும் விசிலைக் கையில் கொடுத்து அவரைத்தான் உட்கார வைப்பார்கள். அவர் எழுந்து நின்று விசில் ஊதி, பட்டாளத்துக் குரலில் "பியே தா தேர்" என்று கூவினார். கால் தரையில் என்று அர்த்தம். பிரெஞ்சு படித்தவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. தெருவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. மத்தியானத்துக்குள் பீத்தாத்தேரு ஆயிற்று. விளக்கு வைக்கும்போது பீத்தேரு ஆகிவிட்டது. அதற்குப் பிறகு மாறவே இல்லை.

மில் வாசலில் பீத்தேரு, கள்ளுக்கடையில் பீத்தேரு, கல்யாண வீட்டுப் பந்தியில் பீத்தேருக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார். உத்திராபதி திரும்பிப் பார்த்து, என்னாய்யா என்பான். அவன் அப்படித் திரும்பிப் பார்ப்பதுதான் தில்லையம்மாளுக்கு ஆறவில்லை. ஒரு தடவையாவது எவன் சட்டையையாவது பிடித்திருக்கலாம். அந்தப் பெயர் அவன்மேல் தண்ணீராக ஓடி, அவள்மேல் வந்து தேங்கி நின்றது.

போன தையில் மகள் ரஞ்சிதத்தைப் பார்க்க வில்லியனூரிலிருந்து வந்தார்கள். தெருமுனையில் வழி கேட்டிருக்கிறார்கள். எந்த உத்திராபதி, பீத்தேரா என்று கேட்டு யாரோ வீட்டைக் காட்டிவிட்டான். வந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார்கள். மாப்பிள்ளையின் தங்கை தலையைக் குனிந்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் சொல்லி அனுப்பவில்லை. ரஞ்சிதம் தலையில் வைத்த பூவை எடுத்து மாடத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

அடுத்த மாதம் அரியாங்குப்பத்திலிருந்து இன்னொரு இடம் வருகிறது. அதற்குள் இந்தத் தெய்வசிகாமணி காலை ஊன்றிவிட்டால் சொல்தா மறுபடியும் எழுந்து கூவுவார். ஊருக்குப் புது ஆள் கிடைப்பான். பழையது மறந்துபோகும். தில்லையம்மாள் போட்ட கணக்கு இவ்வளவுதான். இதில் ஒரு பாவமும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஆனால் உத்திராபதி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டுத் திடலிலேயே கிடந்தான். அந்த ஆளுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவன். பின்னாலேயே ஓடிக் கழுத்தைப் பிடித்துவிடுவது அவன். சங்கிலிக்கு எண்ணெய் விடுவது அவன். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதும் அதே பேச்சு. திருப்பத்தில் அவன் எப்படி உடம்பைச் சாய்க்கிறான், வெயில் ஏறும்போது எப்படி மூச்சை அடக்கி விடுகிறான் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். தோற்றவனுக்கு ஜெயிக்கிறவன்மேல் இப்படி ஒரு ஆசை இருக்க முடியுமா என்று அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் அதை வெளியில் காட்டிக்கொள்ள வெட்கமில்லையா என்றுதான் இருந்தது.

அவளும் போய்ப் பார்த்தாள். பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. கயிற்றை ஒட்டி நின்றபோது அவன் அவளைக் கடந்து போனான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. கண் பாதி மூடியிருக்க, முழங்கால்கள் மட்டும் வேறு யாருடையவோ போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தேர் வரும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, அப்படிக் கை எழுந்தது. சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். இவனுக்குப் பெண்டாட்டி இருப்பாளா என்று நினைத்தாள். இருந்தால் அவள் எப்படித் தெருவில் நடப்பாள்? தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்தி இடம் விடுவார்கள். கண்ணால் பார்த்தறியாத அந்தப் பெண்ணை நினைத்துத் தில்லையம்மாளுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இந்த ஆளைப் பற்றியதே இல்லை என்று அப்போதே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அதைத் தள்ளி வைத்துவிட்டாள்.

மறுநாள் குழாயடியில் குஞ்சம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"அவன் சுத்தறான், உங்க வூட்டுக்காரரு அவனச் சுத்தறாரு. அன்னிக்கே இப்படி ஓடியிருந்தா இன்னிக்கு மால அவரு கழுத்துல வுழுந்திருக்கும். இல்லயா, தில்லையம்மா?"

கேலியாகக்கூட இல்லை, பரிதாபமாகத்தான் சொன்னாள். தில்லையம்மாள் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வந்து கசகசாவை ஊறப்போட்டாள்.

பல் முளைக்கிற குழந்தை தூங்காமல் அழுதால் ஒரு சிட்டிகை அரைத்துப் பாலில் கலந்து கொடுப்பார்கள். வீட்டில் பாயசம் வைத்தால் ஒரு கரண்டி போதும், சாப்பிட்டவர்களுக்குக் கண் சொக்கும். அவள் கை நிறைய அள்ளிப் போட்டாள். நல்ல பண்டம்தான், உடம்புச் சூட்டைத் தணிக்கும் என்று யாருக்கோ பதில் சொல்வதுபோல அம்மியிடம் சொல்லிக்கொண்டே அரைத்தாள். தேங்காய் அரைத்து விட்டாள், வெல்லம் சேர்த்தாள், ஏலக்காய் தட்டிப் போட்டாள். வாசனை வந்தபோது, இது வெறும் பாயசம் என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

மத்தியானம் உத்திராபதி சாப்பிட வந்தான். சொம்பை எடுத்து அவன் முன்னால் வைத்து, அந்த ஆளுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள். அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளில் ஒரு வாய்த் தண்ணீர்கூட அனுப்பாதவள். அவன் முகம் மலர்ந்ததை அவளால் பார்க்க முடியவில்லை. அடுப்பைக் கவனிப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். உட்கார்ந்து சாப்பிடக்கூட இல்லை அவன். ஏற்றிய விளக்கைக் கொண்டுபோகிறவனைப்போலச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். அவளும் பின்னால் போனாள். போகாமல் இருந்திருக்கலாம்.

தெய்வசிகாமணி சொம்பை ஓட்டத்திலேயே வாங்கினான். உன் அண்ணி வைத்த பாயசம் என்று உத்திராபதி கூட ஓடிக்கொண்டே உரக்கச் சொன்னான். வாங்கியவன் ஒரு வாய் குடித்தான். சொம்பு உதட்டை விட்டு இறங்கி ஒரு கணம் நின்றது. கயிற்றுக்கு வெளியே நின்ற பெண்கள் பக்கம் பார்த்தான். பிறகு அண்ணாந்து மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

வெயில் சாயத் தொடங்கும்போது அவன் தலை தொங்க ஆரம்பித்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு சைக்கிள் வளைந்து வளைந்து போயிற்று. உத்திராபதி ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தான். அது கொஞ்ச நேரம்தான் தாங்கியது. அதற்குமேல் உத்திராபதி ஒன்றையும் யோசிக்கவில்லை. வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓட ஆரம்பித்தான். ஓடிக்கொண்டே பேசினான். தூங்கவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காக வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். அவர்கள் தில்லையம்மாள் நின்ற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு துண்டு பேச்சு அவள் காதில் விழுந்தது.

"எனக்கு அன்னிக்குத் தூக்கமே வரல தம்பி. காலுகூட வலிக்கல."

அவர்கள் போய்விட்டார்கள். அவள் காத்திருந்தாள்.

"விடியற நேரம். பால்காரரு போறாரு. அவரு பாட்டுக்குப் போறாரு, நான் பாட்டுக்குச் சுத்தறேன்."

மறுபடியும் அவர்கள் சுற்றி வரும்வரை அவள் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குன்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாரு. அவ்ளோதான். பாத்தா காலு கீழ இருக்குது. நான் வைக்கல தம்பி, அது இருக்குது. நீ அத மட்டும் நெனைக்காத. வேற எதையாச்சும் நெனை. உங்க ஊருல இப்ப நடவா, அறுப்பா? சொல்லு. சொல்லுன்றேன்ல."

இத்தனை வருஷத்தில் அவன் இதை அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஏன் ஊன்றித் தொலைத்தாய் என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அதெல்லாம் கேட்டது ஆகாது என்று இப்போது தெரிந்தது. வேற்றூரான் ஒருவனிடம், அதுவும் பாதி தூக்கத்தில் இருப்பவனிடம், அவன் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வைத்தது தன் கையால் அரைத்த கசகசா. அவளுக்குக் காது மடல் சுட்டது.

கூட்டம் சேர்ந்துவிட்டது. மில் சங்கு ஊதி, ஷிப்டு முடிந்தவர்கள் சோற்றுத் தூக்கோடு அப்படியே திடலுக்கு வந்தார்கள். பீத்தேரு விடாத, பீத்தேரு பிடிச்சுக்க என்று கத்தினார்கள். அந்தப் பெயரைத்தான் கத்தினார்கள். ஆனால் கேலி இல்லை. உத்திராபதி ஓடிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு வேட்டி நனைந்து, மூச்சு இளைத்து, வாய் கோணிப்போயிருந்தது. ரஞ்சிதம் எப்போது வந்தாளோ, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று அப்பா அப்பா என்று கத்திக்கொண்டிருந்தாள். தில்லையம்மாள் கத்தவில்லை. கத்த அவளுக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

கிழக்குத் திருப்பத்தில் அது நடந்தது. தெய்வசிகாமணியின் கை ஹேண்டில்பாரிலிருந்து நழுவியது. சைக்கிள் அப்படியே இடது பக்கம் சாய்ந்தது. கால் பெடலை விட்டுக் கீழே வந்தது. உத்திராபதி தோளைக் கொடுத்துத் தாங்கினான். கான்வாஸ் பூட்ஸ் போட்ட அந்தக் கால் உத்திராபதியின் வெறும் புறங்காலில் வந்து இறங்கியது. ஆளும் சைக்கிளுமாக முழுப் பாரமும் அதில் இறங்கியது. அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்று, தோளால் நெம்பி அந்த உடம்பை மறுபடி ஸீட்டில் ஏற்றினான்.

சொல்தா விசிலை வாயில் வைத்தபடி ஓடி வந்து மண்ணைக் குனிந்து பார்த்தார்.

"என் காலுங்க, முசே," என்றான் உத்திராபதி. "தரை இல்ல."

சொல்தா அவன் காலைப் பார்த்தார். பெருவிரல் நகம் பெயர்ந்து இரத்தம் மண்ணில் ஊறிக்கொண்டிருந்தது. விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தெய்வசிகாமணிக்கு அந்த அதிர்ச்சியிலேயே தூக்கம் கலைந்துவிட்டது. சைக்கிள் ஓடிற்று.

அன்று சாயங்காலம் உத்திராபதியை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து விட்டார்கள். தில்லையம்மாள் வெந்நீர் வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து, காலை மடியில் எடுத்து வைத்துக் கட்டினாள். அவனுக்கு வலியைவிட வருத்தம் பெரிதாக இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும், உச்சி வெயிலில் இனிப்பை வயிறு முட்டக் கொடுத்திருக்கக்கூடாது, நீ ஆசையாகச் செய்து கொடுத்தாய், எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் பேசாமல் இருந்தால் போதும். அவன் அதையே நம்பிக்கொண்டு சாகும்வரை இருப்பான். துணியை முடிச்சுப் போடும் அவள் விரல் நின்றது.

"கசகசா," என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"எவ்ளோ போட்ட?"

"கை நெறைய."

அவன் காலை அவள் மடியிலிருந்து தானே எடுத்துக் கீழே வைத்துக்கொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள். அடித்தால்கூட நன்றாக இருக்கும் என்று இருந்தது. அவன் பாயை உதறிப் போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரஞ்சிதத்தைச் சொல்லியிருப்பாள், அரியாங்குப்பத்தைச் சொல்லியிருப்பாள். கேட்காததால் அந்தக் காரணங்கள் எல்லாம் அவளிடமே தங்கிவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். நேற்று இருந்த கனம் ஒன்றிலும் இல்லை.

காலையில் நொண்டிக்கொண்டே சட்டையை மாட்டினான். "நீயே அவன்கிட்ட சொல்லிடு," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

திடலில் அப்போதே ஆட்கள் இருந்தார்கள். சொல்வதானால் சைக்கிளை நிறுத்த முடியாது, கூடவே போகத்தான் வேண்டும் என்பது கயிற்றருகே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தெருவில் தலை நிமிராமல் போய் வருகிறவள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். தெய்வசிகாமணி வந்தான். பக்கத்தில் நடந்தாள். நடை போதவில்லை, ஓட வேண்டியிருந்தது. குஞ்சம்மாள் வாயைப் பொத்திக்கொள்வது ஒரு பக்கம் தெரிந்தது. தம்பி, அந்தப் பாயசம் என்று ஆரம்பித்தாள். மூச்சு வாங்கியது. அடுத்த வார்த்தை வருவதற்குள் அவன் நாலு முழம் முன்னால் போய்விட்டான். பிறகு அவளுக்காக மெதுவாக ஓட்டினான். அவ்வளவு மெதுவாக ஓட்டினால் சைக்கிள் ஆடும், விழுந்துவிடும் என்று அவளுக்கே தெரிந்தது. ஹேண்டில்பாரைப் பிடித்த அவன் கை நரம்பு புடைத்திருந்தது. அவளுக்குப் பதறிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். வேண்டுமென்றேதான் போட்டேன், நீங்கள் விழவேண்டும் என்றுதான் போட்டேன், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"தெரியும் அண்ணி," என்றான். குரல் தேய்ந்துபோயிருந்தது. "ஒரு வாய் குடிச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா குடிச்சீங்க?"

அவன் திருப்பத்தில் உடம்பைச் சாய்த்துச் சைக்கிளை நிமிர்த்தினான்.

"அண்ணன் கையால குடுத்தாரு. ஊரே பாத்துக்கிட்டிருக்குது. நான் துப்பியிருந்தா பழி யாரு மேல வுழுந்திருக்கும்?"

இது அவளுக்குத் தோன்றவே இல்லை. பொறாமையில் பீத்தேரு மருந்து வைத்துவிட்டான் என்று ஒரே நாளில் ஊர் முடிவு கட்டியிருக்கும். பெயர் போக வேண்டும் என்று அரைத்தவள், அதைவிடப் பெரிய பெயர் ஒன்றைப் புருஷன் தலையில் வைக்கப் பார்த்திருக்கிறாள். இந்த அயலான் அதை ஒரு வாய்க்குள் யோசித்துவிட்டு விழுங்கியிருக்கிறான்.

என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவன் ஏதாவது சொன்னால் தேவலை போலிருந்தது. அவன் அவள் பக்கம் பார்க்கவில்லை. எதிரே மண்ணைப் பார்த்துக்கொண்டு, மோர் இருந்தால் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொன்னான். பிறகு, தள்ளிக்கொள்ளுங்கள், வேகமாகப் போக வேண்டும் என்றான்.

வீட்டுக்குப் போய் மோரைக் கடைந்தாள். தயிரும் தண்ணீரும் உப்பும் தவிர வேறொன்றும் போடவில்லை. கறிவேப்பிலை கிள்ளிப் போடக் கை போனது, அதையும் போடவில்லை. அதே வழியாகத் திரும்பி வந்தாள். உத்திராபதி கயிற்றோரம் ஒற்றைக் காலில் பாரத்தை வைத்து நின்றிருந்தான். சொம்பை நீட்டினாள். வாங்கினான்.

தெய்வசிகாமணி தூரத்துத் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தான். உத்திராபதி சொம்பைத் தூக்கி, உதட்டில் படாமல் ஒரு வாய் ஊற்றிக்கொண்டான். உடனே விழுங்கவில்லை. நாக்கில் வைத்திருந்து மெல்ல விழுங்கினான். இத்தனை வருஷத்தில் அவள் வைத்துக் கொடுத்த எதையும் அவன் இப்படிக் குடித்ததில்லை. ரஞ்சிதம் பார்த்தாள், சொல்தா பார்த்தார், குஞ்சம்மாள் பார்த்தாள். அவர்களுக்கு அது தாகத்துக்கு ஒரு வாய்.

தில்லையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றாள். அவன் இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தான். பிறகு நொண்டியபடி உள்ளே போய், வருகிற சைக்கிளை நோக்கிச் சொம்பை நீட்டினான்.